தோலுக்குத் தேடினார்கள், தைமஸில் கிடைத்தது: மெலடோனின் கதை

1/ போன வாரம் ஓபியில் ஓர் அம்மா. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுறவங்க. "எதிர்ப்பு சக்தி கூடும்னு பையன் ஆன்லைன்ல வாங்கிக் கொடுத்தான் டாக்டர், சாப்பிடலாமா?"ன்னு ஒரு டப்பாவை நீட்டினாங்க. மெலடோனின். பதில் சொல்லணும்னா கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

2/ 1917. அமெரிக்காவில் மெக்கார்ட், ஆலன் என்ற இருவர் மாட்டு மூளையின் பினியல் சுரப்பியைத் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்தாங்க. அதுங்க தோல் வெளுத்துப்போச்சு!

3/ யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர் இதைப் படிச்சார். தோல் நிற நோய்களுக்கு, முக்கியமா வெண்புள்ளிக்கு, இதில் வழி கிடைக்குமான்னு பார்த்தார். லட்சத்துக்கும் மேற்பட்ட மாட்டுப் பினியல்களை அரைச்சு, 1958-ல் அந்தப் பொருளைப் பிரிச்செடுத்தார். பேரு மெலடோனின். ஆனா வெண்புள்ளிக்கு அது உதவல.

4/ அப்புறம்தான் அதோட உண்மையான வேலை புரிஞ்சது. இருட்டினா சுரக்கும், வெளிச்சம் பட்டா குறையும். உடம்புக்கு "ராத்திரி ஆச்சு"ன்னு சொல்ற தகவல் அது.

5/ 1986. சுவிட்சர்லாந்தில் மேஸ்ட்ரோனி குழு. சுண்டெலிகளுக்கு மாலையில் ப்ரோப்ரனலால் கொடுத்து ராத்திரி மெலடோனினை அடக்கினாங்க. எதிரணு உற்பத்தி குறைஞ்சது. மெலடோனின் கொடுத்ததும் மீண்டது.

6/ நெஞ்செலும்புக்குப் பின்னாடி இருக்கிற தைமஸ்தான் டி செல்களோட பள்ளிக்கூடம். ஸ்டீராய்டு அதிகமானா அங்கே செல்கள் கூட்டம் கூட்டமா தானா செத்துப்போகும். 1995-ல் ஸ்பெயின் ஆய்வாளர்கள், மெலடோனின் இந்தச் சாவைக் குறைக்குதுன்னு காட்டினாங்க.

7/ "அப்போ நல்லதுதானே?" அவசரப்படாதீங்க. தைமஸில் வளர்ற செல்களில் பெரும்பாலானவை சாகத்தான் வேணும். அதில் நம்ம உடம்பையே தாக்கக்கூடியதும் இருக்கு. அது தப்பிச்சா வர்றதுதான் அந்த அம்மாவோட முடக்குவாதம் மாதிரியான நோய்கள்.

8/ தன்னெதிர்ப்பு நோய் உள்ளவங்ககிட்ட பயன்படுத்தினதுக்கு மருத்துவத் தரவு இல்லை, அதனால அவங்களுக்கு மெலடோனின் பரிந்துரைக்கப்படுவதில்லைன்னு ஐரோப்பிய மருந்துக் குறிப்பிலேயே இருக்கு. டப்பாவை ஓரமா வைக்கச் சொன்னேன். மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தாதீங்கன்னும் சொன்னேன்.

9/ மேலே சொன்ன ரெண்டு ஆய்வும் எலியிலயும் எலி செல்லிலயும் நடந்தது. அதை நம்பி எதிர்ப்பு சக்திக்குன்னு மாத்திரை வாங்காதீங்க. ராத்திரி லைட்டை அணைங்க, போனைத் தள்ளி வைங்க. மெலடோனின் தானா சுரக்கும், இலவசம்.

இதை நைட் டூட்டியில் உட்கார்ந்து எழுதுறேன், அதுதான் வேடிக்கை 🙏