41 நாள், 20 பேர், 1,900 மைல்

1897, ஜூலை 24, சாயங்கால நேரம். அமெரிக்காவின் மிஸ்ஸூரி மாநிலத்தில் இருக்கும் செயின்ட் லூயிஸ் நகரத்துக்குள் ஒரு சைக்கிள் ஊர்வலம் நுழைகிறது. உள்ளூர் சைக்கிள் பிரியர்கள் கூட்டம் கூட்டமாக எதிர்கொண்டு போய் அழைத்து வருகிறார்கள். நடுவே, புழுதியும் வெயிலும் தின்று தீர்த்த யூனிஃபார்மில், துப்பாக்கியோடு பெடல் மிதித்து வருகிறவர்கள் ராணுவச் சிப்பாய்கள். அத்தனை பேரும் கறுப்பினத்தவர்.

எங்கிருந்து வருகிறார்கள்? மொன்டானா மாநிலத்தின் மிஸூலா கோட்டையிலிருந்து. 1,900 மைல். அதாவது சுமார் 3,050 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் கிளம்பி டெல்லியையும் தாண்டிப் போய்க்கொண்டிருப்பீர்கள், அவ்வளவு தூரம். சைக்கிளில்.

கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கான ஜனம் அவர்களைப் பார்க்க ஃபாரஸ்ட் பார்க்குக்கு வந்தது. சிப்பாய்கள் சைக்கிளில் அணிவகுத்துக் காட்டினார்கள். கைதட்டல், பத்திரிகைச் செய்தி, எல்லாம் அமர்க்களமாக நடந்தது.

அப்புறம்? அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

முதலில் ஒரு கேள்வி. ராணுவத்துக்கு எதற்கு சைக்கிள்?

1890-கள் சைக்கிளின் பொற்காலம். டன்லப் காற்றடித்த டயரைக் கொண்டுவந்தது 1888-ல். பெரிய சக்கரம், சின்னச் சக்கரம் என்று சர்க்கஸ் சாமான் போலிருந்த வாகனம், இரண்டு சக்கரமும் ஒரே அளவாகி, இன்றைக்கு நீங்கள் பார்க்கும் உருவத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்காவே பைத்தியம் பிடித்து சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது. ஐரோப்பிய ராணுவங்கள் ஏற்கெனவே பரிசோதனையில் இறங்கியிருந்தன. காரணம் ரொம்ப எளிமை. குதிரைக்குப் புல் வேண்டும், தண்ணீர் வேண்டும், ஓய்வு வேண்டும். சைக்கிளுக்குக் கொஞ்சம் எண்ணெய் போதும். கனைத்து, எதிரிக்குக் காட்டியும் கொடுக்காது.

இந்த யோசனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் ஜேம்ஸ் மாஸ் என்கிற இளம் லெஃப்டினன்ட். லூசியானாக்காரர், வெள்ளையர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1894-ம் வருட வகுப்பில் கடைசி ரேங்க். கடைசி ரேங்க்காரருக்குக் கேட்ட இடமா கிடைக்கும்? வடமேற்கு மலைகளுக்கு நடுவே மிஸூலா கோட்டையில், 25-வது காலாட்படையில் போட்டார்கள்.

இந்தப் படையைப் பற்றி இரண்டு வரி. உள்நாட்டுப் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவத்தில் கறுப்பினத்தவருக்கென்று தனியாக நான்கு படைப்பிரிவுகள் இருந்தன. இரண்டு குதிரைப்படை, இரண்டு காலாட்படை. பாப் மார்லி பாட்டில் வருகிற ‘பஃபலோ சோல்ஜர்’ இவர்கள்தான். சிப்பாய் கறுப்பர். அதிகாரி, விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர, வெள்ளையர். சாதாரணச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 13 டாலர். வேலை, பெரும்பாலும் நகரங்களைவிட்டுத் தள்ளியிருந்த எல்லைப்புறக் கோட்டைகளில்.

மாஸ் 1896-ல் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார். யெல்லோஸ்டோன் பூங்கா வரைக்கும் போய்த் திரும்பினார்கள். வெந்நீர் ஊற்றுப் பாறைகளின் மேல் இந்தச் சிப்பாய்கள் சைக்கிளும் கையுமாக நிற்கிற புகைப்படம் இன்றைக்கும் பிரபலம். அந்தத் தைரியத்தில் அடுத்த வருடம் ராணுவத் தலைமையிடம் பெரிதாகக் கேட்டார், செயின்ட் லூயிஸ். ஏன் அந்த ஊர்? வழியில் எல்லாமே வரும். மலை, பனி, சேறு, மணல், சமவெளி. சைக்கிளைச் சோதிக்க அதைவிட நல்ல பாதை ஏது? சரி என்றது தலைமை.

1897, ஜூன் 14 விடியற்காலையில் கிளம்பினார்கள். சிப்பாய்கள் 20 பேர். மாஸ், ராணுவ டாக்டர் ஜேம்ஸ் கென்னடி, எட்வர்ட் பூஸ் என்கிற 19 வயது உள்ளூர் நிருபர் மூவரும் கூட. ஆக 23 சைக்கிள். எல்லாம் ஸ்பால்டிங் கம்பெனி தயாரிப்பு, இரும்பு ரிம் போட்டது. வெறும் வண்டி 14 கிலோவுக்கு மேல். கூடாரத் துணி, போர்வை, சாப்பாடு எல்லாம் கட்டினால் 27 கிலோவைத் தொடும். இது போக நாலரை கிலோ துப்பாக்கி, 50 தோட்டா. சிப்பாய்களில் ஜான் ஃபிண்ட்லி என்பவர் முன்பு சிகாகோவில் சைக்கிள் கம்பெனியில் வேலை பார்த்தவர். பஞ்சர், செயின், ஆரக்கம்பி, எது போனாலும் ஃபிண்ட்லிதான் ஆபத்பாந்தவன்.

சாப்பாட்டுக்கு மாஸ் போட்ட கணக்கு கறாரானது. ஒவ்வொரு நூறு மைலுக்கும் ஓர் இடத்தில் ரேஷன் முன்கூட்டியே காத்திருக்கும். கையில் இருப்பது இரண்டு நாள் சாப்பாடு. அதாவது தினம் 50 மைல் ஓட்டியே தீரவேண்டும். ஓட்டாவிட்டால் பட்டினி. சில தடவை பட்டினியும் கிடந்தார்கள்.

பிரச்னை கிளம்பிய அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. மழை. அந்தப் பக்கத்துச் சேறு எப்படிப்பட்டது என்று கேட்டால், நம் கரிசல் காட்டில் மழைக்கு அப்புறம் சைக்கிளை உருட்டிப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். சக்கரம் சுற்றாது. நாலடிக்கு ஒரு தரம் குச்சியை வைத்துச் சுரண்டவேண்டும். இல்லையா, வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். மலையுச்சிக் கணவாயைத் தாண்டும்போது ஜூன் மாதத்தில் பனி. சாலை என்று சொல்ல ஒன்றுமில்லாத இடங்களில் ரயில் தண்டவாளத்துக்கு நடுவே ஸ்லீப்பர் கட்டைகள் மேல் ஓட்டினார்கள். தடக், தடக், தடக். மைல் கணக்கில். எலும்பு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வழியில், 1876-ல் ஜெனரல் கஸ்டரும் அவர் படையும் பூர்வகுடிகளிடம் தோற்று மடிந்த லிட்டில் பிக்ஹார்ன் யுத்தகளம் வந்தது. வயோமிங் தாண்டினார்கள். நெப்ராஸ்கா வந்தது. அதுதான் உச்சகட்டச் சோதனை. மணல் மேடுகள், நாள் கணக்கில். சக்கரம் புதைகிறது. வெயில் 43 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. கிடைக்கிற தண்ணீர் உவர் தண்ணீர். குடித்தால் வயிற்றைப் பிடுங்கும், குடிக்காவிட்டால் உயிரைப் பிடுங்கும். மாஸே படுத்துவிட்டார். கொஞ்ச நாள் டாக்டர் கென்னடிதான் குழுவை நடத்தினார். உடம்பு முடியாத ஒரு சிப்பாயை ரயிலேற்றித் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. மற்றவர்கள் மிதித்தார்கள், மிதிக்க முடியாத இடத்தில் தள்ளினார்கள்.

கடைசியாக மிஸ்ஸூரி. இங்கே சாலை பரவாயில்லை. மனிதர்கள்தான் சிக்கல். மிஸ்ஸூரி, உள்நாட்டுப் போர் வரைக்கும் அடிமை முறை இருந்த மாநிலம். அரசாங்க யூனிஃபார்ம் போட்ட கறுப்பர்களுக்குத் தங்க இடம் தரமாட்டேன் என்று முகத்திலடித்தாற்போல் சொன்ன பண்ணைக்காரர்கள் உண்டு. நெப்ராஸ்கா மணலை அறிக்கையில் டிகிரி போட்டு எழுதலாம். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஒரு வழியாக 41-வது நாள் செயின்ட் லூயிஸ். சைக்கிள் ஓடியது 34 நாள். ஒரு நாளைக்குச் சராசரி 56 மைல், அதாவது 90 கிலோமீட்டர். மணிக்குப் பத்து கிலோமீட்டர். நம் ஊர்ப் பால்காரரே இதைவிட வேகமாகப் போவார் என்று சிரிக்காதீர்கள். பால்காரருக்கு ரோடு இருக்கிறது.

மாஸ் தம் அறிக்கையில் லாப நஷ்டக் கணக்கு எழுதினார். வழக்கமான முறையில் படையை நகர்த்துவதோடு ஒப்பிட்டால் நேரம் பாதி, செலவு மூன்றில் ஒரு பங்கு. குதிரையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, அதற்குத் துணையாக சைக்கிளும் இருக்கட்டும் என்றார். ஜோராக இருக்கிறது இல்லையா? அடுத்தாற்போல் மின்னசோட்டா வரை சைக்கிளிலேயே போகிறோம் என்று உற்சாகமாக அனுமதி கேட்டார்.

மேலிடத்திலிருந்து பதில் வந்தது. பரிசோதனை முடிந்தது. போதும். ரயிலேறித் திரும்பி வாருங்கள்.

அவ்வளவுதான். 41 நாள் மிதித்துக் கடந்த தூரத்தை ரயிலில் உட்கார்ந்து திரும்பினார்கள். அறிக்கை கோப்புக்குள் போனது. அமெரிக்க ராணுவத்தில் சைக்கிள் படை அதற்குமேல் வளரவில்லை.

மாஸ் சொன்னது தப்புக் கணக்கா? இல்லை. 1941 டிசம்பர் 8 அன்று மலேயாவில் கால் வைத்த ஜப்பானியப் படை, ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் தெற்கே இறங்கியது. டயர் கிழிந்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு டாங்கி வருகிறது என்று எதிர்த்தரப்பு மிரண்டதாகச் சொல்வார்கள். 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் விழுந்தது. மலேயாவில் சொந்தபந்தம் இருந்த குடும்பங்களில், ஜப்பான்காரன் சைக்கிளில் வந்த கதையை நீங்களே கேட்டிருக்கலாம். 1954-ல் தியன் பியன் ஃபூவில் பிரெஞ்சுப் படையை வியட்நாமியர்கள் முறியடித்தபோது, காட்டுவழியே உணவும் ஆயுதமும் சுமந்ததில் சைக்கிளுக்குப் பெரிய பங்கு. ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கும் மேலே கட்டித் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆக, சைக்கிள் பாஸ். அதை விடுங்கள். ஓட்டியவர்கள்?

இந்த இடத்தில் ஒருவரை உங்களுக்குத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டும். மிங்கோ சாண்டர்ஸ். சவுத் கரோலினாக்காரர். ராணுவத்தில் சேர்ந்தது 1881-ல். செயின்ட் லூயிஸ் போன சிப்பாய்களில் வயதில் மூத்தவர். 39 வயது. மாஸுக்கு அடுத்து சிப்பாய்களைக் கட்டி மேய்த்த சார்ஜென்ட் இவர்தான்.

மறு வருடம், 1898-ல், ஸ்பெயினோடு யுத்தம். ஏப்ரல் 10, ஈஸ்டர் ஞாயிறு. 25-வது படை மிஸூலாவைவிட்டுப் புறப்பட்டபோது ஊரே திரண்டு வந்து வழியனுப்பியது. ஜூலை 1 அன்று கியூபாவின் எல் கேனி சண்டையில் இந்தப் படை நின்று அடித்தது. அதே நாளில் பக்கத்து சான் ஹுவான் குன்றுகளில் புகழ் சம்பாதித்த இன்னொருவர், தியடோர் ரூஸ்வெல்ட். அந்த யுத்தத்தின்போது ரூஸ்வெல்ட் கேட்டு, அவருடைய ஆட்களுக்குத் தங்கள் பங்கு ராணுவ பிஸ்கட்டைப் பிரித்துக் கொடுத்ததாக சாண்டர்ஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ரூஸ்வெல்ட் 1901-ல் ஜனாதிபதியானார். சாண்டர்ஸ் சார்ஜென்ட்டாகவே இருந்தார்.

1906. 25-வது படையின் ஒரு பிரிவை டெக்ஸஸில் பிரௌன்ஸ்வில் என்ற ஊருக்கு மாற்றினார்கள். ஊர்க்காரர்களுக்குக் கறுப்புச் சிப்பாய்கள் வந்ததே பிடிக்கவில்லை. ஆகஸ்ட் 13 நள்ளிரவு ஊருக்குள் துப்பாக்கிச் சூடு. மதுக்கடை ஊழியர் ஒருவர் செத்தார், போலீஸ் அதிகாரி ஒருவர் காயம். சிப்பாய்கள்தான் சுட்டார்கள் என்றது ஊர். எல்லோரும் முகாமுக்குள்தான் இருந்தார்கள் என்றார்கள் அவர்களுடைய வெள்ளை அதிகாரிகள். யார் சுட்டது என்று சொல்லுங்கள் என்று மிரட்டிப் பார்த்தார்கள். எங்களுக்குத் தெரியாது என்றார்கள் சிப்பாய்கள். தெரியாது என்று சொன்னதே குற்றமாகிவிட்டது. கூட்டுச் சேர்ந்து மறைக்கிறார்களாம்.

விசாரணை மன்றம் கிடையாது, தீர்ப்பு கிடையாது. நவம்பரில், தேர்தல் முடிந்த கையோடு ரூஸ்வெல்ட்டின் உத்தரவு வெளியே வந்தது. 167 பேர் டிஸ்மிஸ். பென்ஷன் கிடையாது, அரசாங்க வேலையும் கிடையாது. அதில் மிங்கோ சாண்டர்ஸும் ஒருவர். 25 வருஷத்துக்கும் மேல் சர்வீஸ். ஓய்வு பெற இரண்டு வருஷம்கூட பாக்கி இல்லை. நேரில் வாஷிங்டன் வரை போய் மன்றாடிப் பார்த்தார். பலிக்கவில்லை.

அதற்கடுத்த மாதம், டிசம்பர் 1906-ல் ரூஸ்வெல்ட்டுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ரஷ்யா ஜப்பான் சண்டையை நிறுத்திவைத்ததற்காக.

இப்போது செயின்ட் லூயிஸ் கைதட்டலை நினைத்துப் பாருங்கள். அந்தப் பயணத்தைப் பற்றி இன்றைக்கு நமக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் மாஸின் அறிக்கையிலிருந்தும், பூஸ் அனுப்பிய செய்திகளிலிருந்தும்தான். டயர் எப்படி உழைத்தது, ரிம் எப்படித் தாங்கியது என்று துல்லியமாக இருக்கிறது. பரீட்சை வைத்தது சைக்கிளுக்கு. மிதித்தவர்கள் அதில் ஒரு பாகம், பெடல் மாதிரி. இரும்பு நிரூபித்ததை ராணுவம் குறித்துக்கொண்டது. மனிதர்கள் நிரூபித்ததைக் குறித்துக்கொள்ள அந்த அறிக்கையில் கட்டமே போடவில்லை. அப்படிப் போட்டிருந்தால், ஒன்பது வருஷம் கழித்து, “இந்த ஆள் பொய் சொல்வாரா?” என்று யாராவது ஒருவர் கோப்பைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். எத்தனை தடவை பாஸானாலும் மறுபடி முதலிலிருந்து பரீட்சை எழுதச் சொல்வது சில பேருக்கு மட்டும் உள்ள விதி. நமக்குப் புரியாத விஷயமா இது?

பிரௌன்ஸ்வில் விவகாரத்தை ஜான் வீவர் என்கிற எழுத்தாளர் தோண்டி எடுத்து 1970-ல் புத்தகமாகப் போட்டார். ராணுவம் மறுபடி விசாரித்தது. 1972-ல், 66 வருடம் கழித்து, அந்தச் சிப்பாய்கள் குற்றமற்றவர்கள் என்று அறிவித்து, கௌரவமாக விடுவிக்கப்பட்டதாக ஏட்டைத் திருத்தினார்கள். சம்பள பாக்கி? கிடையாது. வட்டி கேட்கவில்லை ஐயா, அசலாவது? அதுவும் கிடையாது. அப்போது உயிரோடிருந்த டார்சி வில்லிஸ் என்ற முதியவருக்கு மட்டும் பிற்பாடு 25,000 டாலர் கொடுத்தார்கள். டிஸ்மிஸ் ஆனபிறகு அவர் வாழ்நாளில் பெரும்பகுதி ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தவர். சாண்டர்ஸ் அந்தத் திருத்தத்தைப் பார்க்க இல்லை. காலமாகி வெகுகாலம் ஆகியிருந்தது.

2022, ஜூன் 14. மிகச் சரியாக 125 வருடம். எரிக் செடெனோ என்கிற கறுப்பின சைக்கிள் பயணி மிஸூலாவிலிருந்து கிளம்பினார். அதே பாதை, ஜூலை 24-ல் செயின்ட் லூயிஸ். போகிற வழியெல்லாம் ஜனங்களிடம் அந்த 20 பேரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். பல ஊர்களில் அப்படி ஒரு படை தங்கள் தெரு வழியாகப் போனதே அப்போதுதான் தெரிந்தது.

இப்போது உங்களுக்கும் தெரியும். யாராவது சைக்கிள் பயணம் என்று பேச்செடுத்தால், மிங்கோ சாண்டர்ஸ் பெயரையும் ஒரு தரம் சொல்லுங்கள்.