சிங்கம்பட்டி ஜமீன் காடு புலிக்காடான கதை

நாஞ்சில் நாட்டுல கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளையுதுன்னா அது பேச்சிப்பாறைத் தண்ணி. அந்த அணைக்குத் தண்ணி தாற கோதையாற்று மலைக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலிச் சீமையில், சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமான காடு இருந்தது. 2023ல அரிக்கொம்பன் யானையை மேல் கோதையாறில் கொண்டு விட்டாங்களே, அங்க போற பாதையே மாஞ்சோலை வழியாத்தான்.

இந்தக் காட்டை ஜமீனுக்குக் கொடுத்ததே நம்ம திருவிதாங்கூர் ராஜாதான் என்பார்கள். மார்த்தாண்ட வர்மாவுக்காகச் சண்டை போட்டு சிங்கம்பட்டி வாரிசு ஒருத்தர் உயிர் விட்டாராம், அதுக்கு நன்றிக்கடனாம். இது வாய்வழிக் கதை. அடுத்தது கோர்ட்டு ஏறின சங்கதி.

1919ல சென்னையில், ஜமீன் பிள்ளைகள் படிச்ச நியூயிங்டன் பள்ளியின் முதல்வர் டி லா ஹே தூக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிங்கம்பட்டி, கடம்பூர் வாரிசுகள் மாட்டிக்கொண்டார்கள். வழக்கு பம்பாய் வரைக்கும் போச்சு. சிங்கம்பட்டிப் பையன் அப்ரூவர் ஆனார், கடம்பூர்க்காரர் விடுதலையானார். ஆனா செலவு ஜமீனைக் கடனில் தள்ளிட்டு. கடைசியில் 1929ல 8,374 ஏக்கரை பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். கேசுக்காக வயலை ஒத்தி வச்ச குடும்பங்கள் நம்ம பக்கமும் உண்டுதானே, அளவுதான் வேற. காட்டை வெட்டி மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டின்னு தேயிலை போட்டார்கள்.

1952ல ஜமீன் ஒழிந்து காடு அரசாங்கத்துக்குப் போனது. குத்தகை மட்டும் ஒழியலை. 1962ல முண்டந்துறை சரணாலயம், 1976ல களக்காடு, 1988ல ரெண்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகம். 2018ல ஜமீன் காட்டையே காப்புக்காடுன்னு அறிவித்தாச்சு. 2028ல முடிய வேண்டிய குத்தகை, 2024லேயே கம்பெனி தோட்டத்தை நிறுத்திட்டு.

காடு மறுபடி காடாகட்டும், எனக்கு அதில் ரெண்டாவது பேச்சு இல்லை, வயலுக்குத் தண்ணி வேணும். ஆனா தலைமுறை தலைமுறையாக் கொழுந்து பறிச்சவங்க எங்க போவாங்க? 1999ல கூலி கேட்டு திருநெல்வேலியில் ஊர்வலம் போனப்ப, போலீஸ் தடியடியில் 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். அவங்க குடும்பங்களையும் சேர்த்துத்தான் இப்ப மலையை விட்டு இறங்கச் சொல்லுகாங்க. புலிக்கு இடம் விட்டது சரி, இவங்களுக்குக் கீழே வீடும் பிழைப்பும் கொடுக்காம விட்டா அது நியாயம் இல்லை.

கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020ல காலமானார். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் ராஜ உடையில் அவர் காட்சி தருவார். அந்தக் கோயிலுக்குப் போகணும்னா இப்ப வனத்துறை செக்போஸ்டைத் தாண்டணும்.