கனவில் வந்த பொருள்: சிவன்மலை உத்தரவுப் பெட்டி

கனவில் மோதிரம் கண்டால் திருமணம் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆர்ட்டெமிடோரஸ் எழுதிய கிரேக்கக் கனவு நூலும் மோதிரத்துக்குப் பலன் கூறுகிறது. ஒரு பொருளுக்கு ஒரு பலன் என முன்கூட்டியே வகுப்பது கனவு நூல்களின் முறை.

கொங்கு நாட்டில் இதற்கு மாறான வழக்கம் ஒன்று உண்டு. காங்கேயத்தை அடுத்த சிவன்மலை சுப்பிரமணிய சுவாமி கோயிலில், மூலவர் சந்நிதிக்கு முன்னுள்ள கல்தூணில் 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி' என்னும் கண்ணாடிப் பெட்டி உள்ளது. முருகன் கனவில் வந்து ஒரு பொருளை வைக்கச் சொன்னதாகப் பக்தர் ஒருவர் தெரிவித்தால், சாமி முன் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால் அப்பொருள் பெட்டிக்குள் வைக்கப்படும். அடுத்த உத்தரவு வரும்வரை அதுவே இருக்கும். இதற்குக் கால வரையறை இல்லை. தங்கம், மஞ்சள், மண், துப்பாக்கி எனப் பல பொருள்கள் இவ்வாறு இடம்பெற்றுள்ளன. புதிய பொருள் வந்தால் கோபிசெட்டிபாளையம் வட்டாரம் வரை அது பேச்சாகும்.

இங்கே பொருளுக்கு நிலையான பலன் இல்லை. தண்ணீர் வைக்கப்பட்ட பிறகே 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது என்பர் பக்தர்கள். தண்ணீர் நல்ல மழையையும் குறிக்கலாம், வெள்ளத்தையும் குறிக்கலாம். எது என்பது நிகழ்வுக்குப் பின்னரே முடிவாகிறது. கனவு நூலில் பலன் முதலில் வருகிறது. சிவன்மலையில் அது கடைசியில் வருகிறது.