எதிராளியைத் தேர்ந்தெடுத்தல்: விண்வெளி வியூக விளையாட்டுகள் கடந்துவந்த பாதை



கணினி விளையாட்டைப் பற்றித் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதுவதா என்று சிலர் வியக்கக்கூடும். பிள்ளைகளை அதிலிருந்து மீட்கத்தானே நாங்கள் பாடுபடுகிறோம் என்று பெற்றோர் சிலர் கடிந்துகொள்ளவும் கூடும். சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். இக்கட்டுரை விளையாட்டின் வரலாற்றைச் சொன்னாலும், முடியும் இடம் நம் வகுப்பறைதான்.

கடந்த பள்ளி விடுமுறையில், பதினான்கு வயதான என் மகன் 'ஸ்டெல்லாரிஸ்' என்னும் விண்வெளி வியூக விளையாட்டில் மூழ்கியிருந்தான். ஒருநாள், "அப்பா, ஆகக் கடினமான நிலையில் வைத்து வென்றுவிட்டேன்!" என்று ஓடிவந்தான். மகிழ்ச்சியோடு அவன் வைத்திருந்த அமைப்புகளைப் பார்த்தேன். விண்மீன்கள் 1000. எதிராளிகளோ ஐவர்தாம். விண்மீன்களை இணைக்கும் பாதைகள் மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் வயதில் நானும் இதே வேலையைத்தான் செய்தேன்!

குலுக்கல் போட்ட காலம்

விண்வெளிப் போரைக் கணினிக்குள் கொண்டுவந்த தொடக்கக்கால விளையாட்டுகளுள் புகழ்பெற்றது, 1971-இல் மைக் மேஃபீல்டு என்பவர் எழுதிய 'ஸ்டார் டிரெக்'. எட்டுக்கு எட்டு என 64 கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட விண்வெளியில் பகைக் கப்பல்கள் ஒளிந்திருக்கும். குறித்த நாளுக்குள் அவற்றைத் தேடி அழிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கணினியே கப்பல்களைப் புதிதாகச் சிதறவிடும். வரைபடம் குலுக்கல் சீட்டுப் போல அமைந்தது. அந்தப் பகைவர்கள் நாடு பிடிப்பதில்லை, வளர்வதில்லை. நாம் வரும்வரை காத்திருந்து சுட்டார்கள், அவ்வளவுதான். அவர்களை இலக்கு என்று சொல்லலாம். எதிராளி என்று சொல்வதற்கில்லை.

1983-இல் ஆஸ்திரேலியாவின் ஸ்ட்ராட்டஜிக் ஸ்டடீஸ் குரூப் என்னும் நிறுவனம் 'ரீச் ஃபார் தி ஸ்டார்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. நால்வர்வரை ஆடலாம். ஆள் இல்லாத இடத்தைக் கணினியே நிரப்பும். நம்மைப் போலவே கோள்களில் குடியேறி, கப்பல் கட்டி, படையெடுத்து வரும் எதிராளி இங்கே கிடைத்தான். இனி அவனை எவ்வளவு வலியவனாக வைப்பது என்னும் கேள்வியும் கூடவே பிறந்தது.

ஓரியன் என்னும் பள்ளிக்கூடம்

அக்கேள்விக்கு விரிவான விடை 1993-இல் வந்தது. ஸ்டீவ் பார்சியாவின் சிம்டெக்ஸ் நிறுவனம் உருவாக்கி, மைக்ரோபுரோஸ் வெளியிட்ட 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' அது. அதனை முன்னோட்டமாக அறிமுகம் செய்து எழுதிய ஆலன் எம்ரிச் என்பவர்தாம் 'ஃபோர் எக்ஸ்' என்னும் பெயரை உருவாக்கினார். தேடு, பரவு, பயன்கொள், அழி என்னும் நான்கு செயல்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களிலும் எக்ஸ் ஒலி வருவதால் அப்பெயர். இன்றுவரை இவ்வகை விளையாட்டுகள் யாவும் அப்பெயராலேயே வழங்குகின்றன.

விளையாட்டைத் தொடங்கியதும் முதல் திரை நம்மைச் சில கேள்விகள் கேட்கும். விண்மீன் மண்டலம் எவ்வளவு பெரியது? மிகச் சிறியதில் 24 விண்மீன்கள். மிகப் பெரியதில் 108. எதிராளிகள் எத்தனை பேர்? ஒருவர் முதல் ஐவர்வரை. கடினநிலை எது? 'எளிது' தொடங்கி 'இயலாதது'வரை ஐந்து படிகள். நாம் எந்த இனம்? பத்து இனங்களுள் ஒன்று. ஆராய்ச்சியில் சிறந்த சைலான், எந்தக் கோளிலும் வாழக்கூடிய சிலிக்காய்டு, வணிகத்திலும் நட்புறவிலும் வல்ல மனிதர் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தனித்திறன் உண்டு.

ஈப்போவில் இருந்த என் மாமா வீட்டுக் கணினியில்தான் நான் இதனை முதன்முதலாக ஆடினேன். 'இயலாதது' நிலையில் பலமுறை தோற்றேன். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். மண்டலத்தை மிகப் பெரிதாக்கி, எதிராளியை ஒருவராகக் குறைத்துக்கொண்டேன். ஆட்டத்தின் தொடக்கத்தில் கப்பல்கள் மிகக் குறுகிய தொலைவுதான் செல்ல இயலும். எனவே, இடைவெளி பெரிதாக இருந்தால் எதிராளி என்னை வந்தடையவே நெடுங்காலம் ஆகும். அதற்குள் கோள்களையெல்லாம் நிரப்பிவிடுவேன். வென்றதும், 'இயலாதது' நிலையிலேயே வென்றுவிட்டதாக மச்சானிடம் பெருமையடித்தேன். அவர் அமைப்பைப் பார்த்துவிட்டு, "நீ எதிரியை வெல்லவில்லையடா, தூரத்தை வைத்துத் தப்பித்தாய்" என்றார். அன்று கோபம் வந்தது. இன்று, அது எவ்வளவு சரியான மதிப்பீடு என்று புரிகிறது.

பின்னர்த்தான் இன்னொன்றும் விளங்கியது. உயர்ந்த கடினநிலையில் கணினி நம்மைவிட நன்றாகச் சிந்திப்பதில்லை. அதற்கு உற்பத்திச் சலுகை வழங்கப்படுகிறது. அதே தொழிற்சாலையிலிருந்து அதற்கு மட்டும் கூடுதல் பயன். எண்ணிக்கையால் நம்மை நெருக்குகிறதேயன்றி, அறிவால் நெருக்குவதில்லை.

ஆனால், அவ்விளையாட்டில் வேறொரு நுட்பமும் இருந்தது. ஒவ்வொரு கணினி அரசருக்கும் ஒரு குணமும் ஒரு குறிக்கோளும் உண்டு. ஒருவர் நேர்மையாளர், இன்னொருவர் இரக்கமற்றவர், மற்றொருவர் எப்போது என்ன செய்வார் என்றே கணிக்க இயலாதவர். மண்டலத்தின் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் பேரவையும் கூடும். மூன்றில் இரு பங்கு வாக்குப் பெற்றவர் வெற்றியாளர். ஆகவே, எதிராளிகள் ஐவராக இருந்தால் போரோடு நட்பும் பேச்சும் தேவைப்படும். ஒரே எதிராளியை வைத்து ஆடிய நான் இந்தப் பகுதியை முழுமையாக இழந்திருந்தேன்.

தெரிவுகள் பெருகின

1996-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2' தெரிவுகளை மேலும் விரித்தது. எட்டு அரசுகள்வரை ஆடலாம். மண்டலத்தைக் கனிமவளம் மிக்கதாகவோ உயிர்வளம் மிக்கதாகவோ அமைக்கலாம். அனைவரையும் தாக்கும் ஆன்டாரியர் படையெடுப்பு வேண்டுமா, வேண்டாவா என்றும் முடிவு செய்யலாம். வளம் குறைந்த மண்டலத்தில் அண்டை வீட்டாரே போட்டியாளராகிவிடுவர். கடினநிலையைத் தொடாமலே ஆட்டத்தைக் கடினமாக்கலாம் என்பதை வீரர்கள் உணர்ந்த காலம் இது.

அமெரிக்காவின் ஸ்டார்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிராட் வார்டெல் என்பவர் எதிராளியின் அறிவிலேயே தம் கவனத்தைச் செலுத்தினார். 2006-இல் வெளிவந்த 'கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ் 2' விளையாட்டில், எந்தெந்த இனங்கள் நமக்கு எதிரே அமர வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வோர் எதிராளியின் அறிவுத்திறனையும் தனித்தனியாக அமைக்கலாம். ஒருவரைக் கூர்மையானவராகவும் மற்றவரை மந்தமானவராகவும் வைக்கலாம். முதலில் வரைபடம் குலுக்கலாய் வந்தது. பின்பு எதிராளிகளின் எண்ணிக்கை நம் கைக்கு வந்தது. இங்கே எதிராளி யார், எத்தகையவர் என்பதும் நம் தெரிவாயிற்று.

2016-இல் சுவீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டெல்லாரிஸ் இவையனைத்தையும் ஒரே திரையில் கொண்டுவந்தது. மண்டலத்தின் வடிவம், 200 முதல் 1000 வரை விண்மீன்கள், எதிராளிகளின் எண்ணிக்கை, அவர்களுடைய மூர்க்கம், வாழத்தக்க கோள்களின் அளவு, இறுதியில் வரும் பேரிடரின் வலிமை என எல்லாமே நம் விருப்பம். தொடக்கத்தில் அதில் மூன்று பயண முறைகள் இருந்தன. 2018-ஆம் ஆண்டு வெளிவந்த பெரும் திருத்தத்தில், தொடக்கம் முதலே பேரரசுகள் யாவும் விண்பாதைகள் வழியாகவே செல்ல வேண்டும் என்று மாற்றினார்கள். அன்றிலிருந்து பாதைகளின் அடர்த்தி முதன்மையான தெரிவாயிற்று. பாதைகள் குறைந்தால் மலாக்கா நீரிணை போன்ற குறுகிய வாயில்கள் உருவாகும். அங்கே ஒரு கோட்டையைக் கட்டிவிட்டு நிம்மதியாக உறங்கலாம். பாதைகள் கூடினால் எதிராளி எந்தப் பக்கமிருந்தும் வருவான்.

என் மகன் உறங்கியவன்தான்! ஆகக் கடினமான நிலை எதிராளிகளுக்குச் செல்வத்தை அள்ளிக் கொடுத்தது உண்மை. அவன் வைத்த வரைபடமோ அவர்களை அவனிடமிருந்து வெகுதொலைவில், ஒரே ஒரு வாயிலுக்கு அப்பால் நிறுத்தியது.

நான் செய்த பிழை

இப்போது வகுப்பறைக்கு வருகிறேன்.

ஆசிரியர் பயிற்சியை முடித்து வேலைக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் போதித்தேன். கெட்டிக்கார மாணவர்களுக்குச் 'சவால் கணக்கு' என்று தனித்தாள் தயாரிப்பேன். மற்றவர்களுக்கு மூவிலக்கப் பெருக்கல் என்றால், இவர்களுக்கு ஐந்திலக்கம். ஒருநாள் மாணவி ஒருத்தி தாளை என்னிடம் நீட்டி, "ஐயா, இதுவும் அதே கணக்குதானே? எழுத இடம்தான் கூட வேண்டும்" என்றாள். எதிராளிக்கு உற்பத்திச் சலுகை கொடுத்து அதற்குக் 'கடினம்' என்று பெயர் வைத்த அதே பிழையை நான் செய்திருந்தேன்.

அவளாவது வாய்விட்டுச் சொன்னாள். அதே வகுப்பில் பின்வரிசையில் ஒரு மாணவன் இருந்தான். அவன் தோற்றுவிடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் அவனுக்கு ஈரிலக்கக் கணக்குகளையே கொடுத்து வந்தேன். எல்லாவற்றையும் சரியாகச் செய்வான். நானும் பாராட்டுவேன். ஒருநாள் அவன் மெதுவாகக் கேட்டான்: "எனக்கு மட்டும் ஏன் ஐயா குட்டிக் கணக்கு?" ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேன். அதன்பிறகு அவன் கைதூக்கியதே இல்லை. ஒரே எதிராளியை வைத்து நான் அடைந்த வெற்றியைப் போன்றதுதான் நான் அவனுக்குத் தந்த நூறு விழுக்காடும். அது பொய் வெற்றி என்பதைப் பத்து வயதுப் பிள்ளை கண்டுகொண்டான். நாம் ஒரு பிள்ளைக்கு வைக்கும் கடினநிலை, அப்பிள்ளையைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பதை அதனிடமே சொல்லிவிடுகிறது.

சில பரிந்துரைகள்

விளையாட்டில் நான் மகனுக்குச் சொன்னது இதுதான். கடினநிலையை நடுவே வை. மண்டலத்தை 600 விண்மீன்களாகக் குறை. எதிராளிகளைப் பன்னிருவராக்கு. பாதைகளைக் கூட்டு. பெரிய எண்களைக் காட்டிலும் பல குணங்கள் உன்னைச் சூழ்ந்திருக்கட்டும்.

வகுப்பில் நான் இப்போது செய்வதும் ஏறத்தாழ இதுவே. எண்களைச் சிறியனவாகவே வைத்துக்கொள்கிறேன். கணக்கில் ஒரு விவரத்தை மறைத்து, "வேறென்ன தெரிய வேண்டும்?" என்று கேட்கிறேன். சில வேளை, தேவையற்ற விவரம் ஒன்றைச் சேர்க்கிறேன். பெருக்குவதா வகுப்பதா என்பதைப் பிள்ளையே முடிவு செய்ய விடுகிறேன். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் ஒரே கதை, ஒரே எண்கள், கேள்விகள்தாம் வேறு. எந்தத் தாளும் 'குட்டி'யாகத் தெரிவதில்லை.

மகன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அன்றிரவே தோற்றான். மூன்று திசைகளிலிருந்து வந்துவிட்டார்களாம். நிலையைக் குறைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் அப்பா, வடக்கே இருந்தவனோடு முதலிலேயே நட்பாகியிருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, அதே அமைப்பில் மீண்டும் தொடங்கினான்.

பெற்றோர்களே, அடுத்த முறை உங்கள் பிள்ளை 'வென்றுவிட்டேன்' என்று ஓடிவந்தால், எந்த நிலையில் என்று மட்டும் கேட்காதீர்கள். எதிரே யார் யார் இருந்தார்கள் என்றும் கேளுங்கள்.