ராஜா அம்பாட் தீவுக்கூட்டம்

இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில், நியூகினியா பெருந்தீவின் வடமேற்கு முனையை ஒட்டிச் சிதறிக் கிடக்கும் தீவுக்கூட்டம் ராஜா அம்பாட். வைகெயோ, பதந்தா, சலவத்தி, மிசூல் ஆகிய நான்கு பெரிய தீவுகளும் 1,500-க்கும் மேற்பட்ட சிறுதீவுகளும் பாறைத்திட்டுகளும் இதில் அடங்கும். 2003 முதல் தனி மாவட்டமாகவும், 2022 இறுதியிலிருந்து புதிய தென்மேற்குப் பப்புவா மாகாணத்தின் பகுதியாகவும் இருந்துவருகிறது. மாவட்டத் தலைநகர் வைகெயோவின் தென்கரையிலுள்ள வைசாய். வடமேற்கிலுள்ள கவே தீவின் மேல் நிலநடுக்கோடு செல்கிறது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறத்தாழ 64,000. மாவட்டத்தின் பரப்பில் பெரும்பங்கு கடல்தான். மனிதர்கள் கரையோரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

பெயருக்கு ‘நான்கு அரசர்கள்’ என்று பொருள். வைகெயோவில் ஒரு பெண்ணுக்கு ஏழு முட்டைகள் கிடைத்தன என்பது தொன்மக்கதை. நான்கு முட்டைகளிலிருந்து அரசர்கள் பிறந்தார்கள். மற்றவற்றில் ஒன்று பெண்ணாகவும் ஒன்று ஆவியாகவும் மாற, ஒன்று கல்லாகவே தங்கிவிட்டது. அந்தக் கல்முட்டைக்கு இன்றும் வைகெயோவில் ஓர் ஆற்றங்கரையில் வழிபாடு உண்டு. வரலாற்றுக் காலத்தில் இந்த அரசர்கள் மலுக்குத் தீவுகளின் திதோரே சுல்தானுக்குத் திறை கட்டியவர்கள். மிசூல், சலவத்தி பகுதிகளில் இஸ்லாம் வேரூன்றியதற்கு அந்தத் தொடர்பே வழி. வடக்குத் தீவுகளில் பியாக் தீவிலிருந்து வந்து குடியேறியவர்கள் மிகுதி. அவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள்.

கடலின் வளம்

உலகில் அறியப்பட்ட கல்பவள இனங்களில் நான்கில் மூன்று பங்கு, அதாவது 550-க்கும் மேற்பட்டவை, இந்த ஒரே வட்டாரத்தில் பதிவாகியுள்ளன. மீன் இனங்கள் 1,400-ஐத் தாண்டும். இதற்குக் காரணம் தேடினால் நீரோட்டத்தில் போய் நிற்கும். பசிபிக்கின் மேற்கோரத்தில் கடல்மட்டம் இந்தியப் பெருங்கடலைவிடச் சற்று உயர்ந்திருப்பதால், இந்தோனேசியத் தீவுகளின் இடுக்குகள் வழியே நீர் ஓயாமல் பாய்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் பாய்ச்சலின் வாசலில் ராஜா அம்பாட் அமைந்திருக்கிறது. தீவுகளுக்கிடையே நெருக்கப்படும் நீர் ஆழத்திலுள்ள சத்துகளை மேலே கிளறிவிடுகிறது. அதை உண்டு மிதவையுயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்னச் சிறுமீன்களும், சிறுமீன்களைத் தின்னப் பாரையும் சீலாவும் சுறாவும் வந்து சேருகின்றன.

இதில் பயணிகள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. விளம்பரப் படங்களில் காணும் கண்ணாடித் தெளிவு இங்கே எப்போதும் கிடைப்பதில்லை. பல நாள்களில் நீருக்கடியில் பத்து, பதினைந்து மீட்டருக்கு மேல் பார்வை எட்டாது. தெளிந்த நீரை மட்டுமே விரும்புகிறவர் மாலத்தீவுக்குப் போகலாம். இங்குள்ள கலங்கலில்தான் அத்தனை உயிரும் உண்டு வாழ்கிறது.

முக்குளிப்பு

வைகெயோவுக்கும் பதந்தாவுக்கும் நடுவிலுள்ள நீரிணைக்கு, 1700-இல் இவ்வழியே கப்பலோட்டிச் சென்ற ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியரின் பெயர். ஸ்கூபா டைவிங் செய்ய வருவோரில் பெரும்பாலோர் இறங்குவது இந்த டாம்பியர் நீரிணையில்தான். நெதர்லாந்துக்காரரான மாக்ஸ் அம்மர், இரண்டாம் உலகப்போரில் மூழ்கிய விமானங்களைத் தேடி 1990-களில் இங்கு வந்தவர். விமானங்களைத் தேடி வந்தவர் பவளப்பாறைகளைக் கண்டு தங்கிவிட்டார். கிரி தீவில் அவர் தொடங்கிய தங்குமிடத்திலிருந்தே இங்குள்ள முக்குளிப்புத் தொழில் கிளைத்தது. அவர் தேடி வந்த வகை விமானம் ஒன்று, 1944-இல் எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கிய அமெரிக்கப் போர்விமானம், வாய் தீவருகே சுமார் 30 மீட்டர் ஆழத்தில் இப்போதும் கிடக்கிறது.

கிரி தீவின் கிழக்கு முனையான கேப் கிரி பேர்பெற்ற இடம். மீனியலாளர் ஜெரால்டு ஆலன் 2012-இல் இங்கே ஒரே முக்குளிப்பில் 374 மீன் இனங்களை எண்ணிப் பதிந்தார். ஓட்டம் பாறைமுனையில் மோதி இரண்டாகப் பிரியும் இடத்தில் மீன்கள் திரண்டு, எதிர்நீச்சல் போட்டபடி நின்ற இடத்திலேயே நிற்கும். மஞ்சள்வரி சங்கராக்கள் ஒரு சுவர்போல. அவற்றுக்கு மேலே பாரைகள் சுழல். ஓரத்தில் கருமுனைச் சுறா ஒன்று நிதானமாகப் போய்வரும். இறங்கியவர் உயிரற்ற பாறையாகப் பார்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு பார்ப்பதே வழக்கம். விட்டால் ஓட்டம் அடுத்த தீவுப் பக்கம் கொண்டுபோய்விடும். சில இடங்களில் ஓட்டம் கீழ்நோக்கியும் இழுக்கும். நேற்றுச் சான்றிதழ் வாங்கியவர் முதல் நாளே இறங்க வேண்டிய இடமல்ல இது. நல்ல வழிகாட்டி அலையேற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து, ஓட்டம் தணியும் நேரத்தைக் கணக்கிட்டே படகை எடுப்பார்.

ஆரம்பநிலையினருக்கு அர்போரெக், யென்பூபா, சவந்தரெக் ஊர்களின் படகுத்துறைகள் போதும். துறையின் மரக்கால்களுக்கு நடுவே மத்தி மீன் கூட்டம் நிழல்போல் நகரும். ஸ்நார்க்கல் குழாய் மட்டும் மாட்டிக்கொண்டு மேலிருந்தே பார்த்துவிடலாம். இராட்சத சிப்பிகள், ஆமைகள் எல்லாம் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும்.

இரவில் அதே துறையடியில் கலாபியா என்று உள்ளூரார் சொல்லும் நடக்கும் சுறாவைக் காணலாம். ஒரு மீட்டரை எட்டாத நீளம், சிறுத்தைப் புள்ளிகள். மார்புத் துடுப்பையும் அடித் துடுப்பையும் மாற்றி மாற்றி ஊன்றி, உடலை நெளித்து, பவளத்தின் சந்துகளில் இறால் நண்டு தேடி நடக்கும். நீர் வற்றிய திட்டில் உயிர்வளி குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். விளக்கு வெளிச்சம் பட்டால் நீந்தி ஓடும் என்று எதிர்பார்ப்போம். அது சற்று வேகமாக நடந்து இடுக்குக்குள் போய்விடும். பகலில் பவளத் தட்டின் அடியில் படுத்திருக்கும் வொபகாங் சுறா வேறு வகை. தாடிபோல் தோல் நுனிகள் தொங்க, தரையோடு தரையாகக் கிடப்பதால் வழிகாட்டி சுட்டிய பிறகும் சில நொடி கண்ணில் படாது.

மாண்டா திருக்கைகளுக்கு ‘மாண்டா சாண்டி’ என்னும் மணல்தரை. சிறுமீன்கள் வந்து உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் துப்புரவு செய்வதற்காக அவை இங்கே வந்து வட்டமிடும். மணலில் கற்களை வரிசையாக அடுக்கி ஓர் எல்லை போட்டிருக்கிறார்கள். முக்குளிப்போர் அதற்குப் பின்னால் முழங்காலிட்டுக் காத்திருக்க வேண்டும், தாண்டக் கூடாது. ஒரு மணிநேரம் காத்திருந்து எதுவும் வராத நாள்களும் உண்டு. வந்தால் நான்கு மீட்டர் அகலச் சிறகுகள் தலைக்கு மேலேயே கடந்து போகும்.

தெற்கிலுள்ள மிசூல் இன்னொரு உலகம். மென்பவளங்களும் கடல்விசிறிகளும் ஊதா, ஆரஞ்சு, சிவப்பு எனச் செறிந்து பாறையின் நிறமே தெரியாது. விசிறிகளில் அரிசிமணி அளவுக் கடற்குதிரைகள் ஒட்டியிருக்கும். கொட்டாத ஜெல்லிமீன்கள் நிறைந்த உப்புநீர் ஏரியும், பாறைக் குகைகளில் பழங்காலக் கைச்சுவடு ஓவியங்களும் இங்குண்டு. பயணத்தில் ஒரு பகுதியை மட்டுமே பார்க்க முடியுமென்றால், மீன் திரளுக்கு டாம்பியர், நிறத்துக்கும் தனிமைக்கும் மிசூல்.

காடும் பறவையும்

1860-இல் இயற்கையியலாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் வைகெயோவுக்கு வந்தார். அவர் தேடியது செஞ்சொர்க்கப் பறவையை. கடைசியில் பெஸ்ஸிர் என்ற சிற்றூரில், நிமிர்ந்து நிற்கவும் இடமில்லாத கால்நட்ட குடிசையில் வாரக்கணக்கில் தங்கி, உள்ளூர் வேடர்களிடமிருந்து பறவைகளைப் பெற்றார். அவர்கள் பறவைக்குப் பிடித்தமான சிவந்த கொடிப்பழத்தைக் கவட்டைக் குச்சியில் கட்டி, அதில் சுருக்குக் கயிறு வைத்து, கீழே மணிக்கணக்காகக் காத்திருந்து காலைச் சுருக்கிட்டு இழுப்பார்கள் என்று தம் ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ நூலில் விவரித்துள்ளார். இன்று அதே பறவையைக் காட்டி வருமானம் பெறுகிறார்கள். காம் தீவின் சவிங்கிராய் ஊரில் இருட்டோடு கிளம்பி, விடியுமுன் மரத்தடியில் போய் நிற்க வேண்டும். ஆண் பறவைகள் வாலின் இரண்டு கரிய நாடாக்களையும் தொங்கவிட்டுத் தலைகீழாகத் தொங்கி ஆடும்.

வில்சன் சொர்க்கப் பறவை வைகெயோவிலும் பதந்தாவிலும் மட்டுமே உள்ளது. நீலநிற வழுக்கைத் தலை, முதுகில் மஞ்சளும் சிவப்பும், வாலில் சுருண்ட இரண்டு கம்பிகள். காட்டுத் தரையில் ஒரு சிறு களத்தைத் தேர்ந்து, விழுந்த இலைகளை ஒவ்வொன்றாக அலகால் தூக்கி வெளியே எறிந்துவிட்டே ஆடத் தொடங்கும். களத்தில் வேண்டுமென்றே இலைகளைப் போட்டு அதை வரவழைத்துப் படம்பிடித்தார் ஆவணப்படக் கலைஞர் டேவிட் அட்டன்பரோ, 1996-இல். கடலுக்கென வந்தவர்களும் ஒரு விடியலை இதற்கு ஒதுக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

காட்சிக்கு வயாக், பியாய்னெமோ தீவுத்திரள்கள். சுண்ணாம்புப் பாறைகளை மழைநீர் கரைத்துக் கூம்புகளாக்க, அலையும் கடலுயிர்களும் அடியை அரித்துக் காளான் வடிவம் கொடுத்துள்ளன. பியாய்னெமோவில் மரப்படிகள் உண்டு. வயாக்கில் கூரிய பாறைகளைக் கையால் பற்றியே ஏற வேண்டும். 2016-இல் வெளியான 1,00,000 ரூபியா நோட்டின் பின்புறத்தில் இருப்பது இந்த நிலக்காட்சிதான்.

யாருடைய கடல்

இங்குள்ள பவளத்திட்டுகள் ஒவ்வொன்றுக்கும் உரிமையுள்ள ஊரோ குலமோ உண்டு. ‘சாசி’ என்பது அவர்களின் பழைய முறை: ஒரு பகுதியில் கடலட்டை, சிங்கிறால், சங்கு எடுப்பதைச் சில மாதங்களோ ஆண்டுகளோ நிறுத்திவைப்பார்கள். கிறித்தவ ஊர்களில் தேவாலயத்திலும் முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசலிலும் வேண்டுதல் செய்து கடலை மூடுவதும் திறப்பதும் நடக்கும். மிசூலின் கபட்சொல் ஊரில் இப்பொறுப்பைப் பெண்கள் குழு ஏற்று நடத்துகிறது.

பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகள் 2000-களின் இடையிலிருந்து இந்த மரபின்மேல்தான் எழுப்பப்பட்டன; இன்று அவற்றின் பரப்பு ஏறத்தாழ 20 லட்சம் ஹெக்டேர். 2010-இல் மாவட்ட நிர்வாகம் இக்கடலைச் சுறாக்களின் சரணாலயமாக அறிவித்தது. மிசூலின் பத்பிதிம் தீவு ஒருகாலத்தில் சுறாத்துடுப்பு வெட்டும் முகாம். ஊராரிடம் குத்தகைக்குப் பெற்று அங்கே தங்குமிடம் நடத்துவோர் சுற்றுக்கடலில் மீன்பிடிப்பை நிறுத்த, சுறாக்கள் திரும்பின. அருகிப்போன ஸீப்ரா சுறாவுக்கு வேறு வழி. வெளிநாட்டு மீன்காட்சியகங்களிலிருந்து முட்டைகளை விமானத்தில் கொண்டுவந்து, இங்கே தொட்டிகளில் பொரிக்கவைத்து வளர்த்து, 2023 ஜனவரியிலிருந்து கடலில் விடுகிறார்கள். குஞ்சுகளுக்கு நத்தை, சிப்பி தேடித் தீனி போடுவது உள்ளூர் இளைஞர்களின் வேலை.

சேதங்களும் உண்டு. 2017 மார்ச்சில் பறவை பார்த்துத் திரும்பிய பயணிகளுடன் ‘கலிடோனியன் ஸ்கை’ என்ற உல்லாசக் கப்பல் கிரி தீவருகே நீர் இறங்கிய நேரத்தில் தரைதட்டி, 13,000 சதுர மீட்டருக்கும் மேலான பவளத்தை நொறுக்கியது. இயற்கையை ரசிக்கப் போனவர்களின் கப்பலே அதைச் செய்தது என்பது உறைக்கிறது. அதைவிடப் பெரிய கவலை நிக்கல் சுரங்கம். மின்வாகன பேட்டரிகளுக்குத் தேவையான நிக்கலுக்காகச் சிறுதீவுகளின் காட்டை வழித்தால், மழையில் செம்மண் கரைந்து பவளத்தின்மேல் படியும். 2023-இல் யுனெஸ்கோ புவிப்பூங்காத் தகுதி பெற்ற பகுதியில் இது நடப்பது நாடெங்கும் எதிர்ப்பைக் கிளப்ப, 2025 ஜூனில் அரசு ஐந்து உரிமங்களில் நான்கை ரத்து செய்தது. காக் தீவின் உரிமம் மட்டும் தப்பியது.

பயணக் குறிப்பு

சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக ஜகார்த்தா. அங்கிருந்து சோரோங் நகருக்கு விமானம். சோரோங் துறைமுகத்திலிருந்து வைசாய்க்குப் பயணிகள் படகு சுமார் இரண்டு மணிநேரம். இந்தியக் குடிமக்கள் இந்தோனேசியா சென்றிறங்கியும் விசா பெறலாம். இங்குள்ள நேரம் இந்திய நேரத்தைவிட மூன்றரை மணி முந்தியது. வெளிநாட்டவர் தனியே நுழைவு அனுமதிக் கட்டணம் செலுத்த வேண்டும். ரோந்துப் பணிக்கும் ஊர்களுக்கும் அதில் பங்குண்டு.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. மாண்டாக்களும் அப்போதுதான் மிகுதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்காற்று வலுக்க, முக்குளிப்போர் தங்கிப் பயணிக்கும் பெரிய படகுகள் பலவும் கொமோடோ பக்கம் போய்விடும். அந்தப் படகுகளில் வசதி அதிகம், செலவும் அதிகம். உள்ளூர்க் குடும்பங்கள் கடற்கரையில் ஓலை வேய்ந்து நடத்தும் தங்குகுடில்களில் மூன்று வேளைச் சாப்பாட்டோடு சிக்கனமாகத் தங்கலாம். காசும் கடலுக்கு உரியவர்களிடமே போகும். மின்சாரம் பெரும்பாலும் மாலையில் மட்டும். சாப்பாடு சோறு, மீன், கீரை. கேட்டால் சாகுப்பனை மாவைக் கொதிநீரில் கிளறிய பப்பெடாவும் கிடைக்கும். நம் ஊரில் இன்று மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்யும் ஜவ்வரிசி முதலில் இந்தப் பனையின் மாவிலிருந்தே செய்யப்பட்டது.

மலேரியா உள்ள பகுதியாகையால் கிளம்புமுன் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும். வைசாயைத் தாண்டினால் பணம் எடுக்கும் இயந்திரம் கிடையாது; தேவையான ரூபியாவைக் கையில் கொண்டுபோவது நல்லது. கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே ஒரு முழுநாள் இடைவெளி வேண்டுமென்பதால், பியாய்னெமோவின் படிகளையோ பறவைக் காட்டையோ பயணத்தின் இறுதிநாளுக்கு வைத்துக்கொள்கிறார்கள்.