விமான டிக்கெட்டுக்குக் கடன்பற்று அட்டைப் புள்ளிகள்: பயன் எவ்வளவு, கவனிக்க வேண்டியது என்ன?

தீபாவளி, பள்ளி விடுமுறை, பொங்கல் என ஒவ்வொரு பருவமும் நெருங்கும்போது சென்னைக்கும் திருச்சிக்கும் செல்லும் விமானங்களில் இடம் குறைந்து கட்டணம் ஏறிவிடுகிறது. குலதெய்வக் கோயிலுக்கோ உறவினர் வீட்டுத் திருமணத்திற்கோ பெற்றோரை அழைத்துச் செல்ல நினைக்கும் பிள்ளைகளுக்கு டிக்கெட் செலவுதான் முதல் கவலை. இந்த நேரத்தில் பேரங்காடிகளில் வங்கி முகவர்கள் கூடாரம் போட்டு, அட்டைக்கு விண்ணப்பித்தால் பயணப்பெட்டி இலவசம், புள்ளிகள் சேர்ந்தால் விமான டிக்கெட் இலவசம் என்று அழைப்பதையும் காணலாம்.

கிரெடிட் கார்டு எனப்படும் கடன்பற்று அட்டையின் சலுகைகள் உண்மையானவைதான். ஆனால் மாதக் கடனை முழுமையாகக் கட்டுபவருக்கு மட்டுமே அவை சலுகையாக இருக்கும். மீதி வைப்பவர் அந்தச் சலுகைக்குப் பல மடங்கு விலை கொடுக்கிறார். அட்டை வைத்திருப்போரும் புதிதாக விண்ணப்பிக்க எண்ணுவோரும் பயணத்திற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

யாருக்கு அட்டை கிடைக்கும்?

பேங்க் நெகாரா மலேசியாவின் விதிப்படி முதன்மை அட்டைக்கு விண்ணப்பிப்பவரின் ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட்டாக இருக்க வேண்டும். அதாவது மாதம் 2,000 ரிங்கிட். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-ஆம் ஆண்டில் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளத்தை மட்டும் நம்பியிருக்கும் தோட்டத் தொழிலாளி இந்த வரம்பை எட்டமாட்டார். அதனால் பல குடும்பங்களில் பட்டணத்தில் வேலை செய்யும் மகன் அல்லது மகளின் அட்டைதான் மொத்தக் குடும்பத்தின் பயணத்தையும் சுமக்கிறது.

ஆண்டு வருமானம் 36,000 ரிங்கிட் அல்லது அதற்குக் குறைவாக உள்ளவர்கள் அதிகபட்சம் 2 நிறுவனங்களின் அட்டைகளை மட்டுமே வைத்திருக்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் அவர்களுக்கு வழங்கும் கடன் வரம்பு, மாத வருமானத்தைப் போல 2 மடங்கைத் தாண்டக்கூடாது.

பெற்றோருக்கோ துணைவருக்கோ இணை அட்டை எடுத்துக் கொடுக்கலாம். அதில் செலவாகும் தொகைக்கான புள்ளிகள் பொதுவாக முதன்மை அட்டைதாரர் கணக்கில் சேரும். கடனைக் கட்டும் பொறுப்பும் அவரையே சேரும். முதன்மை அட்டை, இணை அட்டை இரண்டிற்கும் ஆண்டுதோறும் தலா 25 ரிங்கிட் சேவை வரி உண்டு. வங்கியின் ஆண்டுக் கட்டணம் இதற்குத் தனி. குறிப்பிட்ட தொகைக்குச் செலவு செய்தால் பல வங்கிகள் ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. எவ்வளவு செலவு செய்தால் தள்ளுபடி என்பதைக் கையெழுத்திடும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

புள்ளிகள் சேரும் விதம்

அட்டையில் செலவிடும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் வங்கி சில புள்ளிகள் தருகிறது. வெளிநாட்டுச் செலவு, விமான டிக்கெட், உணவகம் போன்றவற்றுக்குக் கூடுதல் புள்ளிகள் தரும் அட்டைகளும் உள்ளன. எல்லாச் செலவுக்கும் புள்ளி உண்டு என்று எண்ணிவிடக்கூடாது. அரசாங்கக் கட்டணங்கள், மின்பணப்பைக்குப் பணம் ஏற்றுவது, தண்ணீர், மின்சாரக் கட்டணங்கள் போன்றவற்றுக்குப் புள்ளிகள் இல்லை, அல்லது குறைவு என்று பல அட்டைகளின் நிபந்தனைகள் கூறுகின்றன.

மளிகை, பெட்ரோல், கைப்பேசிக் கட்டணம், பிள்ளைகளின் பள்ளிப் பொருள்கள் என எப்படியும் செய்யப்போகும் செலவுகளை அட்டை வழியாகச் செய்து, அதற்கான ரொக்கத்தை அப்படியே ஒதுக்கி வைத்துத் தவணை நாளுக்குள் கட்டிவிடுவதே புள்ளி சேர்ப்பதற்குச் சரியான வழி. புள்ளிக்காகத் தேவையில்லாத பொருளை வாங்கினால் அது சேமிப்பு ஆகாது.

வட்டியைக் கணக்கிட்டுப் பார்த்தால்

நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தின் டிக்கெட் செலவு 6,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ரிங்கிட்டுக்கு 1 புள்ளி, 200 புள்ளிகளின் மதிப்பு 1 ரிங்கிட் என்று கொண்டால், 6,000 புள்ளிகளின் மதிப்பு 30 ரிங்கிட்.

அந்தக் கடனில் அந்த மாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் என்ன ஆகும்? குறைந்தபட்சத் தொகை என்பது பாக்கியில் 5 விழுக்காடு அல்லது 50 ரிங்கிட், இவற்றில் எது அதிகமோ அது. எனவே 300 ரிங்கிட் கட்டியதும் பாக்கி 5,700 ரிங்கிட். ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியில் ஒரு மாதத்திற்கு ஏறக்குறைய 85 ரிங்கிட் வட்டி சேரும். கிடைத்த புள்ளிகளின் மதிப்பைப் போல இது கிட்டத்தட்ட 3 மடங்கு. வேறு எதுவும் வாங்காமல், மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போனால் கடன் தீர 6 ஆண்டுகள் ஆகும். வட்டி மட்டும் 2,000 ரிங்கிட்டைத் தாண்டிவிடும்.

மலேசியாவில் அட்டை வட்டிக்கு 3 படிநிலைகள் உள்ளன. தொடர்ந்து 12 மாதங்கள் குறைந்தபட்சத் தொகையையாவது தவணை நாளுக்குள் கட்டியவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு வரை, 12 மாதங்களில் 10 மாதங்களாவது அப்படிக் கட்டியவருக்கு 17 விழுக்காடு வரை, மற்றவர்களுக்கு 18 விழுக்காடு வரை வட்டி விதிக்கப்படும். முந்தைய பாக்கி எதுவும் இல்லாமல் முழுத் தொகையையும் கட்டுபவருக்குக் கணக்கறிக்கை நாளிலிருந்து 20 நாள் வட்டியில்லா அவகாசம் உண்டு. தவணை நாள் தவறினால் தாமதக் கட்டணம் தனி.

ஒரே மாதத்தில் முழுத் தொகையைக் கட்ட இயலாதவர்கள் வட்டியில்லாத் தவணைத் திட்டம் உண்டா என்று டிக்கெட் வாங்கும் முன் வங்கியிடம் கேட்கலாம். 6,000 ரிங்கிட்டை 12 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 500 ரிங்கிட். இத்தகைய திட்டங்களில் பெரும்பாலும் புள்ளிகள் கிடைப்பதில்லை. ஆனாலும் 30 ரிங்கிட் மதிப்புள்ள புள்ளிகளை இழந்து 2,000 ரிங்கிட் வட்டியைத் தவிர்ப்பது இலாபம்தான். ஒரு தவணை தவறினாலும் கட்டணங்கள் சேரும் என்பதால், மாதச் சம்பளத்தில் அந்தத் தொகை தாங்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

புள்ளிகளை டிக்கெட்டாக மாற்றும்போது

மலேசியா ஏர்லைன்ஸின் என்ரிச், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர், ஏர் ஏசியாவின் புள்ளித் திட்டம் ஆகியவற்றுக்கு வங்கிப் புள்ளிகளை மாற்றும் வசதியைப் பல அட்டைகள் தருகின்றன. இந்தத் திட்டங்களில் இலவசமாக உறுப்பினராகலாம். மாற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை:

முதலாவது, ஒருமுறை விமானத் திட்டத்திற்கு மாற்றிய புள்ளிகள் பொதுவாக வங்கிக்குத் திரும்ப வராது. மாற்றம் முடியச் சில நாள்கள் பிடிக்கலாம். அதற்குள் இருக்கை போய்விடக்கூடும். எனவே வேண்டிய நாளில் புள்ளிகளுக்கான இருக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுவதே முறை. தீபாவளி வாரத்தில் அத்தகைய இருக்கைகள் அரிது. பண்டிகைக்குச் சில நாள் முன்னதாகவோ பின்னதாகவோ செல்லக்கூடியவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, இலவச டிக்கெட் என்றாலும் வரியும் விமான நிலையக் கட்டணமும் கட்ட வேண்டும். மலேசியாவிலிருந்து ஆசியான் நாடுகளுக்கு வெளியே சிக்கன வகுப்பில் செல்பவர் செலுத்தும் புறப்பாட்டு வரி 20 ரிங்கிட். ஆசியான் நாடுகளுக்கு 8 ரிங்கிட். பயணிகள் சேவைக் கட்டணமும் சில நிறுவனங்களின் எரிபொருள் கட்டணமும் இதனுடன் சேரும். ரொக்கக் கட்டணம் குறைவாக உள்ள காலத்தில் புள்ளிகளைச் செலவிடுவதைவிடப் பணம் கொடுத்து வாங்குவதே மேலாக இருக்கலாம். இரண்டையும் ஒப்பிட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, புள்ளிகளுக்குக் காலாவதி உண்டு. எடுத்துக்காட்டாக, கிரிஸ்ஃபிளையர் மைல்கள் 3 ஆண்டுகளில் காலாவதியாகும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே பயணம் செய்யும் குடும்பத்திற்கு, மைல்களைவிட ரொக்கத் தள்ளுபடி தரும் அட்டை பொருத்தமாக இருக்கலாம். அந்தத் தள்ளுபடியைச் சேர்த்து வைத்து எந்த நிறுவனத்தின் மலிவு டிக்கெட்டையும் வாங்கலாம்.

நான்காவது, பெயர். நம்மவர் பெயர்களில் வரும் ஏ/எல், ஏ/பி என்பதிலுள்ள சாய்கோட்டை முன்பதிவுத் தளங்கள் பலவும் ஏற்பதில்லை. விமான நிறுவனம் சொல்லும் முறைப்படி, கடப்பிதழில் உள்ள பெயருக்குப் பொருந்துமாறு எழுத வேண்டும். உறுப்பினர் கணக்கில் ஒரு விதமாகவும் டிக்கெட்டில் வேறு விதமாகவும் இருந்தால் புள்ளிகள் சேராமல் போகலாம். பெற்றோருக்காகப் புள்ளிகளில் டிக்கெட் எடுக்கும்போது, சில திட்டங்களில் அவர்களின் பெயரை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

ஓய்வறையும் வாகன வசதியும்

சுங்கை சிப்புட்டிலிருந்தோ சிகாமட்டிலிருந்தோ வேன் பிடித்து கேஎல்ஐஏ வருபவர்கள் பெரும்பாலும் பல மணி நேரம் முன்னதாகவே வந்து சேர்ந்துவிடுகிறார்கள். வயதானவர்களுக்கு அந்தக் காத்திருப்பு பெரிய சிரமம். பிளாசா பிரீமியம் போன்ற விமான நிலைய ஓய்வறைகளை ஆண்டுக்குச் சில முறை இலவசமாகப் பயன்படுத்தச் சில அட்டைகள் இடம் தருகின்றன. உட்கார நல்ல நாற்காலி, உணவு, கழிப்பறை எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும்.

இந்தச் சலுகை பொதுவாக அட்டைதாரருக்கு மட்டுமே. உடன் வரும் பெற்றோருக்கு உண்டா, இல்லையென்றால் ஆளுக்கு எவ்வளவு என்று முன்பே விசாரிக்க வேண்டும். முந்தைய மாதங்களில் குறிப்பிட்ட தொகை செலவு செய்திருந்தால்தான் அனுமதி என்று விதிக்கும் அட்டைகளும் உண்டு. முனையத்தையும் கவனிக்க வேண்டும். மலேசியா ஏர்லைன்ஸ், பேட்டிக் ஏர் விமானங்கள் கேஎல்ஐஏ முதலாம் முனையத்திலும் ஏர் ஏசியா இரண்டாம் முனையத்திலும் இயங்குகின்றன. ஒரு முனையத்திலிருந்து மற்றொன்றுக்கு இரயில், பேருந்து போன்ற வாகனங்களில் செல்ல வேண்டியிருக்கும். தவறான முனையத்திலுள்ள ஓய்வறையால் பயனில்லை.

விமான நிலையத்திற்கு வாகன வசதி தரும் அட்டைகளில், எந்த ஊர்வரை, ஆண்டுக்கு எத்தனை முறை என்ற வரம்புகள் இருக்கும். ஊரிலிருந்து புறப்படும் குடும்பங்கள் இதை நம்பி வேனை இரத்து செய்துவிடக்கூடாது.

பயணக் காப்புறுதி

முழு டிக்கெட் கட்டணத்தையும் அட்டையில் செலுத்தினால் பயணக் காப்புறுதி தானாகக் கிடைக்கும் என்று சில அட்டைகள் அறிவிக்கின்றன. அது பெரும்பாலும் விபத்து, விமானத் தாமதம், பயணப்பெட்டி தொலைதல் ஆகியவற்றுக்கானது. வெளிநாட்டில் மருத்துவமனையில் சேர்ந்தால் ஆகும் செலவு அதில் அடங்காமல் இருக்கலாம். வயது வரம்பும் இருக்கும். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ள பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் அட்டைக் காப்புறுதியை மட்டும் நம்பாமல், ஏற்கெனவே உள்ள நோய்கள் பற்றிய விதியைக் கேட்டறிந்து தனிக் காப்புறுதி எடுப்பது பாதுகாப்பானது.

தமிழ்நாட்டில் அட்டையைப் பயன்படுத்தும்போது

புறப்படும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டு வசதி திறக்கப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கடையில் ரிங்கிட்டில் கட்டுகிறீர்களா, ரூபாயிலா என்று கேட்டால் ரூபாயைத் தேர்ந்தெடுப்பதே பொதுவாக நல்லது. ரிங்கிட் என்று சொன்னால் மாற்று விகிதத்தைக் கடைக்காரர் தரப்பு நிர்ணயிக்கும், அதில் கூடுதல் இலாபம் சேர்ந்திருக்கும். ரூபாயில் கட்டினாலும் மாற்றுக் கட்டணம் சிறிதளவு உண்டு.

கடன்பற்று அட்டையைப் பயன்படுத்திப் பணம் எடுக்கும் இயந்திரத்தில் ரொக்கம் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. வட்டியில்லா அவகாசமும் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். கிராமத்துக் கடைக்கும் ஆட்டோவுக்கும் தேவையான ரூபாயை முன்பே மாற்றிக்கொண்டு போவதே மேல்.

விமானம் தாமதமானால்

சில உரிமைகளுக்கு எந்த அட்டையும் தேவையில்லை. 2016-ஆம் ஆண்டின் மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்பு நெறியின்படி, விமானம் 2 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் நிறுவனம் உணவு வழங்க வேண்டும். 5 மணி நேரத்தைத் தாண்டி இரவு தங்க நேர்ந்தால் தங்குமிட ஏற்பாடும் அதன் பொறுப்பு. 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, 5 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகும் விமானத்தில் பயணம் செய்ய விரும்பாதவர் முழுத் தொகையையும் திரும்பக் கேட்கலாம். கட்டிய வழியிலேயே, 30 நாள்களுக்குள் அது திரும்பக் கிடைக்க வேண்டும். அட்டையில் கட்டியிருந்தால் அட்டைக்கே வர வேண்டும் என்பதால், டிக்கெட் இரசீதையும் மாதக் கணக்கறிக்கையையும் பத்திரப்படுத்துவது அவசியம்.

கடன் ஏற்கெனவே சேர்ந்துவிட்டால்

அட்டையில் பழைய பாக்கி இருக்கும்போது புள்ளிகளுக்காகப் புதிய டிக்கெட் வாங்குவது கடனை வளர்க்கும். மாதத் தவணையைக் கட்டத் திணறுபவர்கள் 2006-ஆம் ஆண்டில் பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே எனும் கடன் ஆலோசனை முகமையை நாடலாம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. தகுதி உள்ளவர்களுக்கு வங்கிகளுடன் பேசித் தவணையை மாற்றியமைக்கவும் அது உதவுகிறது. பயணத்தை ஓராண்டு தள்ளிப்போட்டு, அந்த ஓராண்டில் பாக்கியை அடைத்து டிக்கெட்டுக்கும் மாதந்தோறும் கொஞ்சம் ஒதுக்கினால், திரும்பி வந்த பிறகு கடனைப் பற்றிய கவலை இருக்காது.