ஏழாம் ஆண்டும் கோப்பிக் காடும்



நாவலப்பிட்டியிலிருந்து கம்பளைக்கு வந்து, அங்கிருந்து நுவரெலியாச் சாலையிலே மேலேறிச் செல்வோர் புசல்லாவை என்னும் ஊரை அடைவர். அவ்வூரை அடுத்துள்ள தேயிலைத் தோட்டமொன்றுக்கு ரொத்சைல்ட் என்பது பெயர். ஐரோப்பிய மன்னர்களுக்குக் கடன் வழங்கிய யூதக் குடும்பமொன்றின் பெயர் கண்டி மலையிலே கொழுந்து பறிக்கும் பெண்களின் நாவிலே வந்து தங்கியது எவ்வாறு? அந்தப் பெயருக்குப் பின்னே உணவு, நிலம், பசி ஆகிய மூன்றும் பிணைந்த ஒரு வரலாறு இருக்கின்றது.

யூதர் இலங்கைக்குப் புதியவரல்லர். பன்னிரண்டாம் நூற்றாண்டின் அராபியப் புவியியலறிஞரான அல் இத்ரீசி, இத்தீவின் மன்னனுக்குப் பதினாறு ஆலோசகர் இருந்தனர் என்றும், அவர்களுள் நால்வர் யூதர் என்றும் எழுதிவைத்தார். ஆனால் நாம் இங்கே பேசப்புகுவது அந்தப் பழங்கதையன்று. 1841ஆம் ஆண்டளவிலே மொரிஸ் டி வோர்ம்ஸ், கேப்ரியல் டி வோர்ம்ஸ் என்னும் சகோதரர் இருவர் இலங்கையிலே தோட்டத்தொழில் தொடங்கினர். பிராங்க்பேர்ட் நகரத்து மேயர் அம்ஷெல் ரொத்சைல்டின் மகள் வயிற்றுப் பேரர்கள் இவர்கள். தாய்வழிப் பாட்டனாரின் குடும்பப் பெயரையே தம் தோட்டத்துக்கும் இட்டனர். மொரிஸ் சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகள் கொணர்ந்து அத்தோட்டத்திலே நட்டார். ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையிலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதற்குக் கால் நூற்றாண்டு முந்திய செய்தி இது. எனினும் அக்கன்றுகள் அக்காலத்திலே வேடிக்கைப் பொருளாகவே இருந்தன. பணம் கோப்பியில் இருந்தது.

அந்தக் கோப்பி எப்படி வந்தது என்பதையும் சற்று நோக்குவோம். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட இயலாத காடும் சேனை நிலமும் அரசுக்குரியவை என்றது. அவ்வாறு பெற்ற நிலத்தை அரசு ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்றது. 1844இல் விலை ஒரு பவுண் ஆயிற்று. காடழித்த முறையோ அச்சந்தருவது. மலைச்சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு வெட்டி நிறுத்துவர். உச்சியிலுள்ள பெருமரங்களை முழுதும் வெட்டி வீழ்த்தியதும் அவை கீழுள்ளவற்றின்மேல் சாய, மலைமுகம் முழுவதும் ஒரே முழக்கத்தோடு சரிந்து விழும். பின்னர் தீ வைப்பர். பன்னூறாண்டு சேர்ந்த இலைமக்கும் மண்ணும் அடுத்த பருவமழையிலே மகாவலிக்குள் இறங்கும்.

இனி அச்சகோதரர்களுடைய முன்னோரின் நூல்கள் நிலத்தைப்பற்றி யாது கூறின என்று பார்ப்போம். லேவியராகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம், ஆறாண்டு பயிரிட்ட நிலத்துக்கு ஏழாம் ஆண்டிலே ஓய்வளிக்க வேண்டும் என்று விதிக்கின்றது. எபிரேய மொழியில் இதற்கு ஷ்மிட்டா என்று பெயர். விட்டுவிடுதல் என்பது பொருள். அவ்வாண்டிலே உழவில்லை, விதைப்பில்லை. தானாக விளைந்தது ஏழைக்கும் வழிப்போக்கனுக்கும் கால்நடைக்கும் காட்டு விலங்குக்கும் பொது. வேலியின் கதவு திறந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் என்னும் பேரறிஞர், ஓய்வினால் நிலம் வலுப்பெற்று விளைவு பெருகும் என்பதை இவ்விதியின் காரணங்களுள் ஒன்றாகக் காட்டினார். அவர் மருத்துவருமாவார்; உடலுக்கு ஓய்வு விதிப்பவர் மண்ணுக்கும் விதித்ததிலே வியப்பில்லை.

இச்சட்டம் இசுரேல் நாட்டு நிலத்துக்கே உரியது. ஆகவே புசல்லாவைக் கோப்பிக் காட்டிலே அது டி வோர்ம்ஸ் சகோதரரைக் கட்டுப்படுத்தவில்லை; அவர்கள்மேல் நாம் குற்றஞ்சுமத்த இடமுமில்லை. ஆங்கிலேயத் தோட்டத்துரைமார் செய்ததையே அவர்களும் செய்தனர். 1860களின் நடுவிலே தோட்டங்களை ஒரு கம்பனிக்கு விற்றுவிட்டு நாடு திரும்பினர். நட்டத்துக்கு முன்னரே விற்றுச் சென்றது அவர்களுடைய நற்காலம் என்று வணிகர் சொல்லுவர்.

ஏனெனில் 1869இல் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ் அதனை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே பெர்க்லி என்னும் அறிஞர் அந்தப் பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். பாழாக்குவது என்பது அப்பெயரின் பிற்சொல்லின் பொருள். இத்தனைக்கும் தோட்டத்துரைமார் அஞ்சவில்லை. விலை நன்றாக இருந்ததால் மேலும் காடழித்து நட்டனர். 1878ஆம் ஆண்டளவிலே கோப்பி நிலம் ஏறக்குறைய 2,75,000 ஏக்கராயிற்று. இருப்புப்பாதையும் 1874இல் நாவலப்பிட்டியை எட்டிற்று. கோப்பியை ஏற்றிச்செல்லப் புகைவண்டி வந்து நின்ற காலமும் அக்கோப்பி சாகத் தொடங்கிய காலமும் ஒன்றாக அமைந்தன.

1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் நோயை ஆராய இலங்கைக்கு அனுப்பப்பட்டார். காற்றிலே பறக்கும் நுண்விதைகளே நோயைப் பரப்புகின்றன என்றும், இடையிலே வேறு மரமின்றி மலைமலையாக ஒரே பயிரை நட்டதே அதற்கு வாய்ப்பாயிற்று என்றும் அவர் கண்டறிந்தார். கண்டிக் குடியானவனின் வீட்டுத் தோட்டத்திலே பலாவும் கமுகும் மிளகும் கித்துளும் சூழ இரண்டொரு கோப்பிச் செடி நின்றது. அந்த அமைப்பையே தோட்டத்துரைமார் ஒழுங்கற்றது என்று எள்ளி வந்தனர். பதினைந்து ஆண்டுக்குள் தோட்டக் கோப்பி அழிந்தது.

இவ்விடத்திலே ஓர் உண்மையை மறைத்தலாகாது. யூத மரபிலுள்ள யாவும் இக்காலத்து வேளாண் அறிவுக்கு முன்னோடி என்று சிலர் புகழ்வதுண்டு; அது மிகை. திராட்சைத் தோட்டத்தில் வேறு விதை கலத்தல் ஆகாது என்பதும் அந்நூலின் விதியே. கலப்புப் பயிரை வேண்டுவோர்க்கு அங்கே ஆதரவு தேடுவது வீண். ஆனால் ஏழைக்கு உணவு சேரவேண்டிய முறையைப்பற்றி அம்மரபு காட்டிய நுணுக்கம் அரியது.

அறுவடைக் காலத்திலே வயலின் ஓரத்தை அறுக்காமல் விடவேண்டும். எவ்வளவு? வேதத்தில் அளவில்லை, மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு, அறுபதில் ஒரு பங்குக்குக் குறையலாகாது என்கின்றது. அறுப்பவர் கையிலிருந்து வீழ்ந்த கதிர் ஏழைக்குரியது. ஒன்று வீழ்ந்தாலும் இரண்டு வீழ்ந்தாலும் ஏழைக்கே. மூன்று சேர்ந்து வீழ்ந்தால் உரிமையாளனுக்கு என்று ஹில்லேல் மரபினர் வரையறுத்தனர். ஏழைகள் வயலுக்குள் வரும் வேளைகள் நாளொன்றுக்கு மூன்று. முக்கியமான செய்தி யாதெனில், உரிமையாளன் ஓரத்தை அறுத்துத் தன் கையால் கொடுத்தல் முறையன்று. நின்ற கதிராகவே விடவேண்டும். ஏழை தானே வந்து அறுத்துக்கொள்வான். அஃது ஈகையன்று, உரிமை. மோவாபிய விதவையான ரூத் கதிர் பொறுக்கப் போன வரலாற்றை விவிலியம் படித்தோர் அறிவர்.

இதனை நம் மலைநாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு ஏறிவந்த தமிழ்த் தொழிலாளிக்கு உணவு தந்தது தோட்டமல்ல. இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த அரிசி. தோட்டம் அதனை அளந்து கொடுத்து, விலையைச் சம்பளத்திலே பிடித்துக்கொண்டது. சுற்றிலும் பசுமை, ஆயினும் அப்பசுமையிலே உண்ணத்தக்கது ஒன்றுமில்லை. கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக நின்றது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போகவேண்டுமாயின் அக்கடனைக் குறித்த துண்டுச் சீட்டு வேண்டும். ஷ்மிட்டா ஆண்டிலே நிலத்துக்கு ஓய்வு மட்டுமன்று, கடனுக்கும் விடுதலை உண்டு என்று உபாகமம் கூறுகின்றது. நம் தோட்டங்களிலே துண்டு முறை ஒழிய 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கடன் விடுதலை எளிதாக நடந்தது என்றும் எண்ணவேண்டா. ஏழாம் ஆண்டு நெருங்கியதும் செல்வர் கடன் கொடுக்க மறுத்தனர், ஏழையே இடர்ப்பட்டான். ஆகவே ஹில்லேல் என்னும் பெரியார், கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைக்கும் புரோஸ்புல் என்னும் பத்திரத்தை வகுத்தார். 1888-89ஆம் ஷ்மிட்டா ஆண்டிலே பாலஸ்தீனத்துப் புதிய யூதக் குடியேற்றங்களுக்கும் இதே இக்கட்டு நேர்ந்தது. பயிரிடாவிட்டால் பட்டினி. நிலத்தை யூதரல்லாதார்க்குப் பெயரளவில் விற்றுப் பயிரிடலாம் என்று சில சமயத் தலைவர் அனுமதித்தனர். பிறர் கடுமையாக எதிர்த்தனர். அக்குடியேற்றங்களுக்குப் பணம் உதவியவர் எட்மண்ட் டி ரொத்சைல்ட். புசல்லாவைத் தோட்டத்துக்குப் பெயர் தந்த அதே குடும்பத்தவர்.

சிறுவர்க்கு இம்மரபு உணவைக் கற்பிக்கும் முறையும் சுவையானது. உண்ணுமுன் சொல்லும் வாழ்த்து உணவுக்கு உணவு வேறுபடும். மரத்துக் கனிக்கு ஒன்று, நிலத்துப் பயிருக்கு ஒன்று, அப்பத்துக்கு ஒன்று. ஆகவே குழந்தை வாயிலிடுமுன் இது எங்கே விளைந்தது என்று எண்ணியே ஆகவேண்டும். வாழைப்பழத்துக்கு எந்த வாழ்த்து? வாழையின் தண்டு குலை தந்தபின் மடிந்து, கிழங்கிலிருந்து மீண்டும் முளைக்கின்றது. ஆகையால் அது மரமன்று, நிலப்பயிர் என்று தீர்த்தனர். நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால் வாழைமரம் என்றே சொல்லுவர். முற்றுகைக் காலத்திலும் கனிமரத்தை வெட்டலாகாது என்னும் உபாகம விதியிலிருந்து, பயனுள்ள எதனையும் வீணாக்கலாகாது என்னும் பொதுவிதி வளர்ந்தது. விளக்கெண்ணெய் விரைந்து எரியும்படி விடுவதும் அவ்விதியை மீறுவதாகும் என்று தல்மூத் கூறுகின்றது.

கோப்பி போனபின் தேயிலை வந்தது. அதுவும் ஒற்றைப் பயிரே. 1946இல் கொப்புள நோய் அதனைத் தாக்கியது. மலையிலிருந்து கழுவப்பட்ட மண் மகாவலியிலே இறங்கி, 1976இல் திறக்கப்பட்ட பொல்கொல்லைத் தடுப்பணையின் கொள்ளளவைக் குறைத்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்திலே தோட்டப் பகுதிகளின் இறப்பு விகிதம் நாட்டின் பிற பகுதிகளைவிட மிக உயர்ந்தது. உண்பதற்கு விளைவிக்க நிலமில்லாதவர்க்கே அந்தப் பஞ்சம் முதலில் எட்டியது.

மற்றொரு பொருத்தமும் உண்டு. 2021ஆம் ஆண்டு மே மாதத்திலே இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. அவ்வாண்டு செப்டெம்பரிலேயே யூதரின் ஷ்மிட்டா ஆண்டும் தொடங்கியது. இரண்டும் மண்ணுக்கு நலம் என்று சொல்லப்பட்டவை. ஆனால் ஷ்மிட்டா வரும் நாளை உழவன் ஏழாண்டு முன்னரே அறிவான். விதையும் தானியமும் சேர்த்துவைப்பான். இங்கோ ஒரு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. உழவனிடம் மாற்றுப் பசளை இல்லை. நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. அதற்குள் நெல் விளைவு பெரிதும் வீழ்ந்தது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை விளைவும், பொருளாதார நெருக்கடியும் சேர்ந்த 2022இல் 25 கோடி கிலோவளவுக்குச் சுருங்கிற்று.

ரொத்சைல்ட் தோட்டம் இன்றும் தேயிலை தருகின்றது. மலைநாட்டு லயங்களின் ஓரத்திலே, பாதைக்கும் வடிகாலுக்கும் இடைப்பட்ட கையகல நிலத்திலே, போஞ்சியும் முள்ளங்கியும் கீரையும் நட்டிருப்பதைக் காணலாம். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்தபின், பொழுது சாயுமுன் அப்பாத்திக்கு நீரூற்றுவோர் பெரும்பாலும் பெண்களே. 2015ஆம் ஆண்டுக்குப் பின்னர் தனிவீடு பெற்ற குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் நிலம் வழங்கும் திட்டம் வந்தது. வீடு கட்டியபின் அதிலே எஞ்சும் இடம் நான்கைந்து பாத்திகளுக்குப் போதும்.